யார் கூப்பிட்டாலும் வருகிற எடுபிடிகள்: பேசிக் முதல் 'ஐ லவ் யூ' வரை

ஓ.எல்.லுக்கு ஐ.சி.ரி. எடுத்தவர்களுக்கு எக்செலில் படித்த சம், அவரேஜ், மக்ஸ், மின் எல்லாம் மறந்திருக்காது. பாடப்புத்தகம் அவற்றைச் சார்புகள் என்று சொல்லும். நாற்பது பிள்ளைகளின் புள்ளியை எப்படிக் கூட்டுவது என்று நாங்கள் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. யாரோ ஒருவர் அதை முன்னமே எழுதி உள்ளே வைத்துவிட்டார். நாங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அது வந்து வேலையை முடித்துத் தந்துவிட்டுப் போகும். கல்யாண வீட்டில் "தம்பி, அந்தக் கதிரையை எடு" என்றவுடன் ஓடிவருகிற எடுபிடி மாதிரி. இந்தக் கட்டுரையில் அவற்றை எடுபிடிகள் என்றே சொல்லப் போகிறோம். சார்பு என்ற சொல் ஒரு முக்கியமான விசயத்தை மறைக்கிறது என்பது எங்கள் சந்தேகம். அது என்னவென்று போகப் போக விளங்கும்.

கணினி வரலாறு என்றவுடன் பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜொப்ஸ் என்று ஆட்களின் கதைதான் கனபேருக்கு நினைவு வரும். இந்த எடுபிடிகளுக்கு எவரும் வரலாறு எழுதுவதில்லை. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு இது என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஏனென்றால் பேசிக் மொழியின் எடுபிடிகள் எங்களைப் போன்ற ஆட்களுக்காகத்தான் செய்யப்பட்டன.

1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கர்ட்ஸ் என்று இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இருந்தார்கள். கெமெனி ஹங்கேரியில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்கு உதவியாளராக இருந்தவர். அந்தக் காலத்தில் கணினியைப் பாவிப்பது என்றால் துளை அட்டைகளில் செய்நிரலை அடித்து, கணினி அறையில் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பது. ஒரு காற்புள்ளி பிழைத்தால் திரும்ப முதலில் இருந்து. விஞ்ஞான, பொறியியல் மாணவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் டார்ட்மவுத்தில் படித்தவர்களில் பெரும்பாலானோர் மானிடவியலும் சமூக விஞ்ஞானமும் படிக்கிறவர்கள். நாளைக்கு அரசாங்கத்திலும் கம்பனிகளிலும் கணினி பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான், அப்படியானவர்களுக்குக் கணினி என்னவென்றே தெரியாமல் இருப்பது சரியில்லை என்பது இந்த இரண்டு பேரின் வாதம். இலக்கியம் படிக்கிற பிள்ளையும் ஒரு பின்னேரத்துக்குள் கற்றுக்கொண்டு பாவிக்கக்கூடிய ஒரு மொழி வேண்டும் என்று யோசித்தார்கள்.

1964 மே 1ஆம் திகதி விடியற்காலை நாலு மணியளவில் பேசிக் மொழியில் எழுதப்பட்ட செய்நிரல்கள் முதன்முதலாக ஓடின. அந்த முறைமையை எழுதியதில் பெரும்பங்கு இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களுடையது. எங்கட வயதுப் பெடியன்கள். இது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

அந்த முதல் பேசிக்கில் உள்ளமைந்த எடுபிடிகள் மொத்தம் 10. சைன், கோசைன் போன்ற திரிகோண கணிதத்துக்கு நாலு, மடக்கைக்கும் அடுக்குக்கும் ஒவ்வொன்று, வர்க்கமூலத்துக்கு ஒன்று, மறைக்குறியை நீக்க ஒன்று, தசமத்தை வெட்ட ஒன்று, எழுந்தமானமாக ஒரு எண்ணைத் தர ஒன்று. அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. இந்தப் பத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒரு எண்ணைக் கொடுத்தால் இன்னொரு எண்ணைத் திருப்பித் தரும். வர்க்கமூலத்தை ஆயிரம் தரம் கூப்பிட்டாலும் உலகத்தில் ஒரு தூசியும் அசையாது. பக்கத்து மேசைக்காரனின் வேலை கெடாது, எவருக்கும் கடிதம் போகாது. பதில் சொல்லத் தெரிந்த எடுபிடிகள், ஆனால் கையும் காலும் இல்லாதவை. ஆகவே கூப்பிடுவது யார் என்று அவை கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி பிறகு தேவைப்பட்டபோதும் எவரும் அதைச் சேர்க்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1975இல் பில் கேட்ஸும் போல் அலனும் அல்டெயர் என்ற சிறு கணினிக்கு ஒரு பேசிக்கை எழுதினார்கள். மைக்ரோசொஃப்ட் கம்பனியின் முதற் சரக்கு அதுதான். 1991இல் விசுவல் பேசிக் வந்தது. அலன் கூப்பர் என்பவர் செய்த, திரையில் பொத்தான்களை இழுத்து வைக்கும் கருவியை வாங்கி, அதைப் பேசிக்குடன் சேர்த்துச் செய்யப்பட்டது. இப்ப எடுபிடிகளின் தொகை நூற்றுக்கணக்கில். 'எம்எஸ்ஜி பொக்ஸ்' என்று கூப்பிட்டால் ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றி நீங்கள் சொன்னதைச் சொல்லும். 'இன்புட் பொக்ஸ்' என்றால் பெட்டி உங்களிடம் கேள்வி கேட்கும். 1993இல் இதே மொழி எக்செலுக்குள் போய்விட்டது, பின்னர் வேர்டுக்குள்ளும். கணக்காளர்களும் ஆசிரியர்களும் காரியாலய எழுதுவினைஞர்களும் தங்களைச் செய்நிரலாளர் என்று நினைக்காமலே செய்நிரல் எழுதினார்கள். கெமெனியும் கர்ட்ஸும் கண்ட கனவு பலித்தது என்று சொல்வதென்றால் அது இந்தக் காலம்தான்.

1996இல் இந்த மொழியின் சின்னத் தம்பியாக வி.பி.ஸ்கிரிப்ட் வந்தது. முதலில் இணைய உலாவிக்குள் மட்டும்தான் இருந்தது. பிறகு விண்டோஸ் 98உடன் 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்ற ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்கள். அதன் அர்த்தம், நோட்பாடில் நாலு வரி எழுதி டொட் வி.பி.எஸ். என்று சேமித்து, இரண்டு தரம் கிளிக் செய்தால் அது ஓடும். தனியாக ஒரு மென்பொருளும் வாங்கத் தேவையில்லை. நிர்வாகிகளின் தினசரி அலுப்பு வேலைகளுக்காகச் செய்யப்பட்டது இது. ஒவ்வொரு பின்னேரமும் புள்ளிப் பட்டியலை இன்னொரு வட்டில் நகலெடுத்து வைக்க வேண்டுமா, ஐந்து வரி போதும்.

இந்த ஐந்து வரியில் கூப்பிடப்படுகிற எடுபிடிகள் யார் என்று பாருங்கள். 'ஃபைல் சிஸ்டம் ஒப்ஜெக்ட்' கோப்புகளைத் திறக்கும், நகலெடுக்கும், மேலெழுதும், அழிக்கும். 'டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்' விண்டோஸின் பதிவேட்டைத் திருத்தும், அதாவது கணினி அடுத்தமுறை எழும்பும்போது எது எது தானாக ஓட வேண்டும் என்பதைக்கூட மாற்றும். அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது முகவரிப் புத்தகத்தைத் திறந்து காட்டும், கடிதம் எழுதும், பைல் இணைக்கும், அனுப்பியும் விடும். இவை வர்க்கமூலத்தின் பிள்ளைகள் இல்லை. இவற்றுக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. ஆனால் கூப்பிடுகிற முறை அதேதான், பாடப்புத்தகத்தில் இருக்கும் மரியாதையான பெயரும் கிட்டத்தட்ட அதேதான். விடை சொல்கிற ஒன்றையும் வினை செய்கிற ஒன்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்தார்கள்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1995இல் வேர்ட் ஆவணங்களுக்குள் ஒளிந்து பரவும் 'கொன்செப்ட்' வந்தது. 1999 மார்ச்சில் 'மெலிசா' வந்தது. நியூ ஜேர்சியைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்பவர் எழுதியது. வேர்ட் ஆவணத்தைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் மக்ரோ அவுட்லுக்கைக் கூப்பிட்டு, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பும். பெரிய கம்பனிகளின் மின்னஞ்சல் சேவையகங்கள் படுத்துவிட்டன. ஸ்மித் பிடிபட்டார், பின்னர் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவுட்லுக் என்ற எடுபிடி மட்டும் அப்படியே இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் முகவரிப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை எவரும் திருத்தவில்லை.

ஒரு வருசம் கழித்து, 2000 மே 4ஆம் திகதி மணிலாவில் இருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. தலைப்பு: ஐ லவ் யூ. இணைத்த காதல் கடிதத்தைத் தயவுசெய்து பார்க்கவும் என்று ஒரு வரி. கூடவே ஒரு கோப்பு. அதன் உண்மையான பெயர் டொட் ரி.எக்ஸ்.ரி. டொட் வி.பி.எஸ். என்று முடிகிறது. ஆனால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்து வைக்கும். ஆகவே கனபேருடைய திரையில் கடைசி மூன்றெழுத்து தெரியவில்லை. வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று மாதிரி அது கிடந்தது. திறந்தவர்களை முட்டாள்கள் என்று அன்றைக்கும் பலர் சிரித்தார்கள், இன்றைக்கும் சிரிக்கிறார்கள். பெயரின் பாதியை மறைத்து வைத்தது திறந்தவர்கள் இல்லையே.

அந்தக் கோப்பு சில நூறு வரிகள் கொண்ட வி.பி.ஸ்கிரிப்ட். அதன் அமைப்பைப் பற்றி பாதுகாப்பு ஆய்வாளர்கள் கனக்க எழுதியிருக்கிறார்கள். வாசித்துப் பார்த்தால் முதலில் வருவது ஒரு ஏமாற்றம். உள்ளே எந்த மந்திரமும் இல்லை. கள்ளச்சாவி போட்டுத் திறந்த பூட்டு என்று ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க உள்ளமைந்த எடுபிடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். ஃபைல் சிஸ்டம் ஒப்ஜெக்டைக் கூப்பிட்டு, "என்னை விண்டோஸ் கோப்புறைக்குள் நகலெடுத்து வை" என்கிறது. ஷெல்லைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கணினி எழும்பும்போது என்னையும் எழுப்பு" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. திரும்பவும் ஃபைல் சிஸ்டம் ஒப்ஜெக்டைக் கூப்பிட்டு, வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புறையாகத் தேடி ஜேபெக் படங்களை அழித்து அந்த இடத்தில் தன் நகலை வைக்கிறது. எம்.பி.3 பாட்டுகளை மட்டும் அழிக்காமல் மறைத்து வைக்கிறது, அது ஏனோ. அவுட்லுக்கையும் கூப்பிடுகிறது. மெலிசா 50 பேரோடு நின்றது, இது முகவரிப் புத்தகம் முழுவதற்கும் தன்னை அனுப்பியது.

ஒரே நாளில் அது ஹொங்கொங் போய், ஐரோப்பா போய், அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. பிரித்தானிய நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது. பென்டகனும் தப்பவில்லை. பாதிக்கப்பட்ட கணினிகள் பல மில்லியன். மெலிசாவில் பெரும்பாலும் நெரிசல்தான் பிரச்சினை. இதில் ஆட்களின் படங்கள் திரும்ப வராமல் போயின.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தவர் ஒனெல் டி குஸ்மான், 24 வயது. மணிலாவில் ஒரு கணினிக் கல்லூரி மாணவர். அந்த வருசம் அவர் சமர்ப்பித்த ஆய்வு முன்மொழிவு, மற்றவர்களின் இணையக் கடவுச்சொல்லைத் திருடி அனுப்பும் ஒரு செய்நிரலைப் பற்றியது. அன்றைக்கு இணையத்துக்குத் தொலைபேசி வழியாக, காசு கட்டிப் போக வேண்டும். காசில்லாதவர்களும் இணையத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நியாயம். கல்லூரி அதை நிராகரித்தது. நாங்கள் திருடர்களை உருவாக்குவதில்லை என்று முன்மொழிவில் குறிப்பு எழுதப்பட்டதாக அப்போதைய செய்திகள் சொல்லின. ஐ லவ் யூ கோப்பின் முதல் வரிகளில் ஒன்றில், கணினி கண்டுகொள்ளாத குறிப்பாக, பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை என்ற கருத்தில் பிழையான ஆங்கிலத்தில் ஒரு வசனம் இருந்தது. மூன்றாம் வருச ஆய்வுத் தலைப்பு திருப்பி அனுப்பப்பட்ட எவருக்கும் அந்த வரி கொஞ்சம் குத்தும்.

அதற்காக அவரை வீரனாக்க எங்களுக்கு விருப்பமில்லை. சில இணைய எழுத்துக்களில் அவர் ஏழைகளுக்காகப் பணக்காரரிடம் பறித்த ஆள் மாதிரி வருவார். அவர் களவெடுக்க நினைத்த கடவுச்சொற்கள் முதலில் மணிலாக்காரர்களுடையவை, அதாவது கஷ்டப்பட்டுக் காசு கட்டி இணையம் எடுத்த பக்கத்து வீட்டுக்காரருடையவை. 2020இல் ஜெஃப் வைட் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர் அவரை மணிலாவில் ஒரு கைத்தொலைபேசி திருத்தும் கடையில் கண்டுபிடித்துக் கதைத்தார். தானே எழுதியதாகவும், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றும் அவர் அப்போது ஒப்புக்கொண்டார்.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸ் பொலிஸாருக்கு வேறொரு தலையிடி. ஆளை விசாரிக்கலாம், ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ்? கணினி நச்சுநிரல் எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் அந்த நாட்டில் இல்லை. கடனட்டை மோசடிக்கான சட்டத்தை இழுத்துப் பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஜூன் 14ஆம் திகதி புதிய மின்வணிகச் சட்டம் கையெழுத்தானது. அது முன்னர் நடந்ததைத் தொடாது. ஓகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள்.

மணிலாவில் இப்படி என்றால், ரெட்மண்டில் மைக்ரோசொஃப்ட் என்ன செய்தது? ஜூன் மாதமே அவுட்லுக்குக்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டது. டொட் வி.பி.எஸ். போன்ற இணைப்புகளைத் தடுத்தது. வேறொரு செய்நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட முயன்றால், "இதற்கு அனுமதி கொடுக்கவா?" என்று பாவனையாளரிடம் ஒரு பெட்டி கேட்கும்படி செய்தது. 36 வருசமாகக் கேட்கப்படாத கேள்வி ஒருவழியாகக் கேட்கப்பட்டது. மெலிசாவுக்கு அடுத்த நாளே இதைச் செய்திருக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆட்கள் நொந்தபிறகு வந்த பெட்டி அது.

அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2006இல் வந்த பவர்ஷெல் என்ற புதிய மொழி இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தது. அதன் கோப்பை இரண்டு தரம் கிளிக் செய்தால் ஓடாது, நோட்பாடில் திறந்து தன் எழுத்துக்களைக் காட்டும். ஓடவிடுவதற்கான அனுமதியையே முதலில் தனியாகத் தேடி மாற்ற வேண்டும். 2022இல் இணையத்திலிருந்து வரும் ஒபிஸ் கோப்புகளின் மக்ரோக்களை இயல்பாகவே முடக்கினார்கள். முந்தி மேலே ஒரு மஞ்சள் பட்டி வரும், அதிலுள்ள பொத்தானை அமத்தினால் சரி. இப்ப வருவது சிவப்புப் பட்டி, அதில் அமத்துவதற்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

இதில் எங்களுக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. எங்களுக்கு வரும் ஆக்கங்களில் சில இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேர்டில் ஒரு சிறிய மக்ரோ போதும். 'ரிப்ளேஸ்' என்ற எடுபிடியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் சரி. ஆங்கில எம் இருக்கும் இடத்தில் அகரத்தை வை, கே இருக்கும் இடத்தில் மகரத்தை வை என்று. கொம்புக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாமினியில் கையால் எழுதுகிற மாதிரியே கொம்பு முதலில் வரும், யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும், ஆகவே இடம் மாற்றிப் போட வேண்டும். இது எவரையும் கெடுக்காத வேலை. எழுத்தைக் கொடுத்தால் எழுத்தைத் தருகிறது, 1964இன் வர்க்கமூலத்தைப் போல. ஆனாலும் அந்த மக்ரோ உள்ள கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிப் பாருங்கள், சிவப்புப் பட்டிதான் வரும். கோப்பின் பண்புகளுக்குள் போய் ஒரு சதுரத்தில் சரி போட்டால் திறக்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஏலாது. அவர்கள் முகம் தெரியாத ஒரு இணையத்தளத்தில் முழுக் கட்டுரையையும் ஒட்டி, மாற்றி எடுக்கிறார்கள். யாருடைய சேவையகத்தில் அந்த எழுத்து போய் இருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை.

கதவைச் சாத்தியது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. இன்றைக்கு வைத்தியசாலைகளையும் மாநகரசபைகளையும் முடக்கிக் காசு கேட்கும் கும்பல்கள் மக்ரோ வழியாக எத்தனை தரம் நுழைந்தன என்பது தெரிந்த கதைதான். ஆனால் சாத்தும்போது விடை சொல்கிற எடுபிடியையும் வினை செய்கிற எடுபிடியையும் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே கயிற்றில் கட்டிக் கொடுத்தார்கள், ஒரே கயிற்றில் கட்டித் திருப்பி எடுத்தார்கள். பெரிய கம்பனிகள் தங்கள் மக்ரோக்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் வாங்கிக்கொள்ளும். தன் வகுப்புப் புள்ளிப் பட்டியலுக்கு எட்டு வரி எழுதிய ரீச்சருக்கு அந்த வசதி எங்கே?

கெமெனி 1992இல் காலமானார், ஐ லவ் யூ வருவதற்கு ஏழு வருசத்துக்கும் மேல் முன்னர். கர்ட்ஸ் 2024 நவம்பர் வரை இருந்தார். அதற்கு முந்திய வருசம், 2023 ஒக்டோபரில், வி.பி.ஸ்கிரிப்டை விண்டோஸில் இருந்து படிப்படியாக எடுக்கப் போவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. முதலில் வேண்டுமென்றால் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒன்றாக இருக்கும், பிறகு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கும், கடைசியில் இருக்காது. இதை எழுதிக்கொண்டிருக்கும் கணினியில் இன்னும் இருக்கிறது. நோட்பாடில் ஒரு வரி, எம்எஸ்ஜி பொக்ஸ், மேற்கோள் குறிக்குள் வணக்கம். சேமித்து இரண்டு தரம் கிளிக் செய்தோம். பெட்டி வந்தது. உள்ளே தமிழ் எழுத்துக்கள் சரியாகத் தெரியவில்லை. கோப்பை யூனிகோடாகச் சேமித்துத் திரும்ப ஓட்டியபோது, வணக்கம் என்றே வந்தது.